பிள்ளைகளோடு வாராவாரம் ஒரு படம்: எட்டு வருடக் கணக்கு

வாரம் ஒரு இரவு, வீட்டில் இருக்கிற எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். ஆரம்பித்தபோது மகளுக்கு 4 வயது; மகன் பிறக்கவில்லை. இப்போது அவளுக்கு 12, அவனுக்கு 7. காய்ச்சல், பரீட்சை, பயணம் என்று விட்டுப்போன வாரங்கள் நிறைய. இருந்தாலும் பார்த்த படங்கள் இருநூறைத் தாண்டியிருக்கும். ஒரு பழைய நோட்டில் படத்தின் பெயர், தேர்ந்தெடுத்தவர், யார் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று குறித்து வருகிறோம். முதல் இரண்டும் சும்மா பெருமைக்கு. நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது மூன்றாவதைத்தான்.

முதலில் சான்றிதழ் சமாசாரம். ஆரம்பத்தில் 'யூ' என்று இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவேன். அந்த எழுத்துகள் வீண் என்று சொல்ல வரவில்லை. ரத்தம், கெட்ட வார்த்தை, படுக்கையறைக் காட்சி போன்றவற்றை அவை ஓரளவு வடிகட்டித் தருகின்றன. அந்த வடிகட்டியும் ஒரே நாளில் வந்ததில்லை. அமெரிக்காவில் 1984இல் 'கிரெம்லின்ஸ்', 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஆஃப் டூம்' இரண்டும் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம், என்ற முத்திரையோடு வந்தன. இதையா பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று பெற்றோர் கொதித்தார்கள். அதே வருடம் பிஜி-13 என்று ஒரு புது வகுப்பு பிறந்தது. இந்தியாவில் ரொம்ப காலம் ஒரே 'யூ/ஏ'தான். 2024இல்தான் அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம். ஏழு வயதுப் பையனுக்கும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் அந்த எழுத்து படத்தைப் பார்த்துப் போட்டது. என் பிள்ளையைப் பார்த்துப் போட்டதில்லை. இது எனக்கு உறைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. மகளுக்கு 6 வயது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' என்ற அனிமேஷன் படத்தைப் போட்டேன். 1988இல் வந்தது, 86 நிமிடம். வில்லன் கிடையாது, சண்டை கிடையாது. கிராமத்து வீட்டுக்குக் குடிவரும் இரண்டு சிறுமிகள், ஆஸ்பத்திரியில் இருக்கும் அம்மா, காட்டுக்குள் உருண்டையாக ஒரு பெரிய ஜீவன், அவ்வளவுதான். இதைவிடச் சாதுவான படம் கிடைக்காது என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பகுதியில் தங்கை காணாமல் போகிறாள். குளத்தில் ஒரு சின்னச் செருப்பு கிடைக்கிறது. என் மகள் சோபாவிலிருந்து குதித்து உள்ளே ஓடினாள். தூங்கிக்கொண்டிருந்த தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுகிறாள். அது தங்கையின் செருப்பு இல்லை என்று படத்தில் அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். அதைப் பார்க்க இவள் அங்கே இல்லை. இரண்டு வாரம் முன்னால்தான், புதிதாக நடக்கப் பழகியிருந்த தம்பி திறந்து கிடந்த கதவு வழியாக வெளியே போய், ஐந்து நிமிடம் வீடே அலறியிருந்தது. எந்தத் தணிக்கைக் குழுவுக்கு அது தெரியும்?

அப்புறம்தான் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். எண்பதுகளில் அமெரிக்காவில் 'இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் அதிகம் பயந்தது, சாதாரண மனிதன் பச்சை ராட்சதனாக மாறும் காட்சியில். அந்த ராட்சதன் காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. பெரிய பிள்ளைகளோ, அவன் மாறுவதற்கு முன்னால், நல்லவன் ஆபத்தில் சிக்கும் இடத்தில்தான் பயந்தார்கள். என் நோட்டும் இதையேதான் சொல்கிறது. மகன் நாலு வயதில் எழுந்து போன இடங்கள் எல்லாம் முகம் மாறும் காட்சிகள், பல்லைக் காட்டும் காட்சிகள். ஒரு படத்தில் சாதாரண முகமூடி. மகள் எட்டு வயதுக்கு மேல் எழுந்து போனதெல்லாம் அப்பா அம்மா பிரியும் இடம், வேலை போகும் இடம், நாய் தொலையும் இடம். பூதம் வந்தால் அவள் கொட்டாவி விடுவாள்.

இதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் மிகச் சுலபமானது. கதையை முன்கூட்டியே சொல்லிவிடுவது! பெரியவர்களுக்கு இது பாவம். சின்னப் பிள்ளைகளுக்கு வரம். 'ஃபைண்டிங் நீமோ' ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே அம்மா மீன் இறந்துவிடும். மகனுக்குப் போடுவதற்கு முன்னால், "முதல்லயே அம்மா மீனுக்கு ஒண்ணு ஆயிடும்பா. அப்புறம் அப்பா மீன் குட்டியத் தேடி ரொம்ப தூரம் போகும், கண்டுபிடிச்சிடும்" என்று முழுக் கதையையும் சொன்னேன். அந்த இடம் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதானே நீங்க சொன்னது?" என்றான். அவ்வளவுதான், தாண்டிவிட்டான்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டுமானால் நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். எல்லாப் படத்தையும் முன்பே உட்கார்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? முதல் பத்து நிமிடமும் கடைசி அரை மணி நேரமும் ஓட்டிப் பார்ப்பேன். காமன் சென்ஸ் மீடியா தளத்தில் வயது வாரியாக விமர்சனம் இருக்கிறது. 'டஸ் த டாக் டை' என்று ஒரு தளம் இருக்கிறது. பெயரே 'நாய் சாகுமா?' என்பதுதான். நாய் சாகுமா, பெற்றோர் சாவார்களா, கோமாளி வருவானா என்று நூற்றுக்கணக்கான கேள்விகளுக்குப் பார்த்தவர்களே ஆம், இல்லை என்று பதில் போட்டு வைத்திருப்பார்கள். முதல் தடவை பார்த்தபோது சிரித்தேன். இப்போது அதைப் பார்க்காமல் எந்தப் படமும் போடுவதில்லை.

நான் செய்த பெரிய தவறையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ரிமோட்டை எடுத்து நிறுத்துவேன். "பார்த்தியா, பொய் சொன்னா என்ன ஆச்சு?" "அவன் செஞ்சது சரியா, தப்பா?" இப்படியே போனது கிட்டத்தட்ட ஒரு வருடம். ஒருநாள் மகள், "அப்பா, நீங்க டீச்சர் மாதிரி பேசறீங்க. நான் அம்மா கூட மட்டும் பார்க்கறேன்" என்றாள். ரிமோட் அன்றைக்கே கைமாறியது. அதிலிருந்து அவர்கள் கேட்டால் மட்டும், ஒரு வரியில், படத்தை நிறுத்தாமல் பதில். வேடிக்கை என்னவென்றால், நான் வாயை மூடியதும் அவர்கள் பேச ஆரம்பித்தார்கள். படம் ஓடும்போது இல்லை. மூன்று நாள் கழித்து, பல் தேய்க்கும்போது, செருப்பு மாட்டும்போது. "அந்த அப்பாவுக்குத் தெரியும்தானே, தெரியாத மாதிரி நடிச்சார்தானே?" எந்த அப்பா, எந்தப் படம் என்று நான்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பார்களே, அது வேறு சோதனை. மகன் ஒரு படத்தைத் தொடர்ந்து ஐந்து வாரம் கேட்டான். வீட்டில் கலகமே மூண்டது. பிறகுதான் 'ப்ளூஸ் க்ளூஸ்' என்ற சிறுவர் தொடரைப் பற்றித் தெரிந்தது. அது வந்த காலத்தில் ஒரே பகுதியை ஐந்து நாள் தொடர்ந்து ஒளிபரப்பினார்கள், வேண்டுமென்றே. 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளிடம் சோதித்தபோது, ஐந்து தடவை பார்த்தவர்களுக்குச் சலிப்பு வரவில்லை. கதை கூடுதலாகப் புரிந்தது, திரையைப் பார்த்துப் பதில் சொல்வதும் கூடியது. 1999இல் வெளியான ஆய்வு அது. அதைப் படித்த பிறகு எனக்குப் பொறுமை வந்தது என்று எழுத ஆசைதான். அவன் பார்க்கிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். இதுதான் நடந்த சமரசம்.

ஐந்து வயது இடைவெளிதான் இன்றுவரை தீராத தலைவலி. அவளுக்குப் பிடித்தது இவனுக்குப் புரியாது. இவனுக்குப் பிடித்தது அவளுக்குக் 'குழந்தைத்தனம்'. முறை வைத்துத் தேர்ந்தெடுக்கிறோம். இருபது நிமிடம் எல்லோரும் பார்த்தே ஆக வேண்டும், அதற்குப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் எழுந்து போக உரிமை உண்டு. பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்வதும் குற்றமில்லை. ஆறு வயதுக்குக் கீழே ஒன்றரை மணி நேரம் என்பது நீளம்தான். 1956இல் வந்த 'த ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படம் 35 நிமிடம்கூட இல்லை. ஒரு பையன், அவன் பின்னாலேயே வரும் ஒரு சிவப்பு பலூன், வசனமே ஏறக்குறைய இல்லை. இரண்டு பேரும் கடைசிவரை அசையாமல் பார்த்த முதல் படம் அதுதான். பலூன் மேல் பசங்கள் கல்லெறியும் இடத்தை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும்.

வசனம் இல்லாத படங்களுக்கு வீட்டில் இன்னொரு ரசிகையும் உண்டு, என் அம்மா. எழுத்து ஓடும் படம் என்றால் கண்ணாடியைத் தேடுவதற்குள் பாதிக் கதை போய்விடும் அவருக்கு. 'ஷான் த ஷீப் மூவி' பார்த்த அன்று பாட்டியும் நாலு வயதுப் பேரனும் ஒரே இடத்தில், ஒரே நொடியில் சிரித்தார்கள். டப்பிங் நன்றாக இருந்தால் டப்பிங். இல்லையென்றால் மூல மொழியில் போட்டு நானே எழுத்துகளைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' அப்படிப் பார்த்ததுதான். தொண்டை கட்டிவிட்டது, ஆனால் பலன் இருந்தது. தங்கைக்கு ஷூ வேண்டும், ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தால்தான் ஷூ கிடைக்கும், அண்ணனோ முதலாவதாக வந்துவிடுகிறான். "ஜெயிச்சுட்டு ஏன் அழறான்?" என்று மகன் கேட்டான். அக்காதான் விளக்கினாள். நான் சொல்லியிருந்தால் அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

சாதனங்களைப் பற்றிக் கொஞ்சம். டிவியின் சின்ன ஸ்பீக்கரில் வசனம் முணுமுணுப்பாகவும் இடி வெடியாகவும் கேட்கும். பிள்ளைகள் பயப்படுவதில் பாதி இந்தச் சத்தத்தால்தான் என்று எனக்குச் சந்தேகம். ஒலி அமைப்பில் 'நைட் மோட்' மாதிரி ஒன்று இருந்தால் போட்டுவிடுங்கள், ஏற்ற இறக்கம் குறையும். எல்லா விளக்கையும் அணைக்காதீர்கள். படம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள். நாங்கள் வைத்திருந்த ஒரு செயலியில் பிள்ளைகள் படம் முடிந்த கையோடு ஒரு பேய்ப்படத்தின் முன்னோட்டம் ஓடியது. பெரியவர்கள் கணக்கில் பார்த்தது என் தப்புதான். ஆனாலும் அந்த இரவு நாலு பேரும் ஒரே கட்டிலில்தான் படுத்தோம்.

அப்புறம் செல்போன். படத்தை ஓடவிட்டு நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் நோட்டில் தனியாகத் தெரிகின்றன. அந்த நாட்களில்தான் பிள்ளைகள் அதிகம் எழுந்து போயிருக்கிறார்கள், கேள்வி கேட்டது ஏறக்குறைய இல்லை. இப்போது எல்லாப் போனும் அலமாரிக்குள் போகிறது, பாட்டியுடையது உட்பட. பாட்டிக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு.

மகள் இப்போது தனியாகப் படம் பார்க்கக் கேட்கிறாள், கதவைச் சாத்திக்கொண்டு. மாதத்துக்கு ஒன்று என்று விட்டிருக்கிறோம். வாராந்தரப் படத்துக்கு மட்டும் இன்னும் வந்து உட்காருகிறாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது. தம்பிக்கு எந்தப் படம் சரி, எந்த இடத்தில் அவன் கையைப் பிடிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வதும் அவள்தான். நோட்டும் அவளிடம் போய்விட்டது. போன வாரம் அவள் முறை. பிக்சாரின் 'அப்' போடலாம் என்றாள். ரிமோட்டை அழுத்துவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "அப்பா, முதல் பத்து நிமிஷத்துலேயே அந்தப் பாட்டி செத்துப் போயிடுவாங்க. அப்புறம் தாத்தா பலூன் கட்டி வீட்டோட பறந்து போவார், நல்லாத்தான் இருப்பார். சரியா?" என்றாள். சரி என்றேன்.