மூன்றா, நான்கா? ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டும் அதன் க்ராஷ் டெஸ்ட் மதிப்பெண்களும்

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் வைத்திருப்பவர்களிடம் எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி. அடுத்த கேள்வி, "இவ்வளவு லேசான வண்டியாச்சே, இடித்தால் என்ன ஆகும்?" முதல் கேள்விக்கு ஒரு சுற்று ஓட்டிக் காட்டினால் போதும். இரண்டாவதை அப்படிக் காட்ட முடியாது. எனக்கும் அந்த அனுபவம் இதுவரை வாய்க்கவில்லை, வாய்க்கவும் வேண்டாம். சோதனை முடிவுகளைப் படித்துவிட்டு, அந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டே சில வருடங்களாக ஓட்டி வருபவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 1.4 லிட்டர் டர்போ, 140 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். எடை ஒரு டன்னுக்கும் கீழே. ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

இந்தத் தலைமுறை ஸ்விஃப்ட்டை, புது வண்டிகளை மோதவிட்டு நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2017-இல் சோதித்தது. சாதாரண வடிவத்துக்கு 3 நட்சத்திரம், பாதுகாப்புத் தொகுப்போடு வரும் வடிவத்துக்கு 4. கேமராவும் லேசர் சென்சாரும் முன்னால் பார்த்து, மோதப்போகிறது என்றால் தானாக பிரேக் போடுவதுதான் அந்தத் தொகுப்பின் முக்கிய அம்சம். இரண்டுக்கும் உடற்கூடு ஒன்றுதான், இரும்பில் மாற்றம் எதுவும் இல்லை. அப்படியிருந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பு 83 சதவீதத்திலிருந்து 88 ஆகிறது. இதைப் பார்த்து நான் முதலில் குழம்பினேன். விஷயம் இதுதான்: அந்த வருட விதிகளில், நகர வேகத்தில் தானாக பிரேக் போடும் திறனுக்கான மதிப்பெண்ணைப் பெரியவர்கள் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழேயே சேர்த்திருந்தார்கள். ஆக, 88 சதவீதம் என்றால் கூடு வலுவாகிவிட்டது என்று அர்த்தமில்லை. இடிக்காமலே தப்பிக்கும் வாய்ப்பு கூடியிருக்கிறது, அவ்வளவுதான். பாதுகாப்பு உதவிக் கருவிகளுக்கான மதிப்பெண் 25-லிருந்து 44 ஆனதும் இந்தக் கேமரா தயவில்தான். குழந்தைகளுக்கான 75, பாதசாரிகளுக்கான 69 இரண்டும் அப்படியே நின்றுவிட்டன.

இதே வருடம் சோதிக்கப்பட்ட ஃபோர்டு ஃபியஸ்டாவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு 5 நட்சத்திரம். ஆனால் பெரியவர்கள் பாதுகாப்பில் அது வாங்கியது 87. என் வண்டி மாதிரிக் கேமரா வைத்த ஸ்விஃப்ட்டை விட ஒரு புள்ளி குறைவு! பாதசாரிகள் விஷயத்திலும் 64-தான். ஃபியஸ்டா முந்தியது குழந்தைகள் (84), உதவிக் கருவிகள் (60) இரண்டிலும். தனியாக ஓட்டுபவனுக்கும் பின் சீட்டில் குழந்தையை உட்காரவைப்பவனுக்கும் ஒரே நட்சத்திர எண்ணிக்கை ஒரே அர்த்தத்தைத் தராது. ஃபோக்ஸ்வாகன் போலோவின் 2017 முடிவு வேறு ரகம்: பெரியவர்கள் பாதுகாப்பில் 96. அதோடு போட்டி போட ஸ்விஃப்ட்டால் முடியாது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெயர் ஒன்று என்பதற்காக வண்டியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. இந்தியச் சந்தைக்கான ஸ்விஃப்ட்டை குளோபல் என்கேப் என்ற இன்னொரு சோதனை அமைப்பு 2018-இல் சோதித்தபோது கிடைத்தது 2 நட்சத்திரம். 2022-இல் விதிகளைக் கடுமையாக்கிச் சோதித்தபோது 1. "ஸ்விஃப்ட்டுக்கு எத்தனை ஸ்டார்?" என்று கேட்டால் எந்த ஊர் வண்டி, எந்த வருடச் சோதனை, எந்த வடிவம் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியாது. காலமும் நட்சத்திரங்களைத் தின்னும்: 2005-இல் 5 வாங்கிய ஃபியட் புன்டோ, 2017-இல் மறுபடி சோதித்தபோது பூஜ்ஜியம் வாங்கியது.

சரி, எடை விவகாரத்துக்கு வருவோம். என்னை உண்மையில் யோசிக்கவைப்பது இதுதான். 2017 முன்பக்கச் சோதனைகளில் ஒன்றில், வண்டி 64 கி.மீ. வேகத்தில், முகப்பின் 40 சதவீதம் மட்டும் படும்படி, நிலையான ஒரு தடுப்பில் மோதும். தடுப்பு அசையாது என்பதால், கிட்டத்தட்ட தன்னைப் போலவே எடையுள்ள இன்னொரு வண்டியோடு மோதுவதற்குத்தான் அது சமம். ரோட்டில் எதிரே வருபவர் எடை பார்த்து வருவதில்லை. கணக்கு எளிது: 1,000 கிலோ வண்டியும் 2,000 கிலோ வண்டியும் தலா 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், இரண்டும் சேர்ந்து சுமார் 17 கி.மீ. வேகத்தில் பின்னோக்கிப் போகும், அதாவது என் பக்கமாக. என் வேகம் மாறியது 67 கி.மீ., பெரிய வண்டிக்காரருக்கு 33. கூடு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் இந்தப் பங்கீடு மாறாது.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வமைப்பான ஐஐஎச்எஸ் 2009-இல் இதை நிஜமாகவே செய்து காட்டியது. டொயோட்டா யாரிஸை கேம்ரியோடும், ஹோண்டா ஃபிட்டை அக்கார்டோடும், ஸ்மார்ட் ஃபார்ட்டூவை மெர்சிடிஸ் சி-கிளாஸோடும் மோதவிட்டார்கள். தடுப்புச் சோதனையில் நல்ல பெயர் வாங்கியிருந்த மூன்று சின்ன வண்டிகளுக்கும் இதில் 'மோசம்' என்றே மதிப்பீடு வந்தது. யூரோ என்கேப்பும் 2020 முதல் நிலையான தடுப்பை விட்டுவிட்டு, 1,400 கிலோ எடையுள்ள நகரும் தடுப்பை எதிரே ஓடவிட்டுச் சோதிக்கிறது. இரண்டும் 50 கி.மீ. வேகத்தில். என் தலைமுறை ஸ்விஃப்ட் 2017-இல் எழுதியது பழைய கேள்வித்தாளைத்தான்.

இது தெரிந்த பிறகு ஓட்டும் விதம் மாறியதா என்றால், ஆமாம். இருவழிச் சாலையில் முந்துவதைப் பாதிக்குப் பாதி குறைத்துவிட்டேன். டர்போ இருக்கிறது, முந்த முடியும், ஆனால் நேருக்கு நேர் மோதல் என்பது இந்த வண்டியின் பலவீனமான பக்கம். மறுபக்கம், லேசான வண்டி என்பதால் கடைசி நேரத்தில் விலகுவதிலும் நிற்பதிலும் இது கெட்டிக்காரன். ஒருமுறை முன்னால் போன வேன் சட்டென்று நின்றபோது, கால் பிரேக்குக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே எச்சரிக்கை ஒலி வந்துவிட்டது. மீதியை நான் மிதித்த பிரேக்கும் நல்ல டயரும் பார்த்துக்கொண்டன. டயரில் மட்டும் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை.

கேமரா முன்கண்ணாடியின் உள்பக்கம், ரியர் வியூ கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. கல் தெறித்துக் கண்ணாடி மாற்ற வேண்டி வந்தபோது, மாற்றிக் கொடுத்த இடத்தில் (பெயர் வேண்டாம்) "அப்படியே மாட்டினால் போதும், ஒன்றும் ஆகாது" என்றார்கள். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதுதான் அவர்கள் காட்டிய ஆதாரம். கேமராவின் பார்வைக் கோணம் துளி விலகினாலும் தூரக் கணக்கு தப்பிப்போகும். வேறு இடத்துக்கு எடுத்துப்போய் அளவுத்திருத்தம் (காலிப்ரேஷன், அதாவது கேமராவின் கோணத்தைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அப்புறம், இந்த மாதிரி வண்டி வாங்குபவர்களின் ஆசைகள். ஸ்போர்ட்ஸ் ஸ்டீயரிங் மாற்றுகிறார்கள், அதோடு ஓட்டுநர் ஏர்பேக் போய்விடுகிறது. முன் சீட்டின் வெளி ஓரத்தில் ஏர்பேக் என்று எழுதிய சின்னத் துணிச் சீட்டு தைத்திருக்கும், பக்கவாட்டு ஏர்பேக் அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். அதன் மேல் இறுக்கமாகத் தோல் உறை போட்டால் என்ன ஆகும் என்று உறை விற்பவர் சொல்லமாட்டார். நாலு முனை ரேஸ் பெல்ட் இன்னொன்று. தொழிற்சாலை பெல்ட் மோதிய கணத்திலேயே உடலை இறுக்கிப் பிடித்து, பிறகு விலா எலும்பு நொறுங்காதபடி கொஞ்சம் தளர்ந்து கொடுக்கும். ரேஸ் வண்டிக்கான சீட்டும், வண்டிக்குள் பொருத்தும் இரும்புப் பாதுகாப்புக் கூண்டும் இல்லாமல் மாட்டும் ரேஸ் பெல்ட்டுக்கு இந்த விவேகம் கிடையாது.

நான் செய்ததெல்லாம் காசில்லாத வேலைகள். நெஞ்சுக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. இடைவெளி. ரேஸ் ஓட்டுநர் மாதிரி சாய்ந்து படுக்காமல் நிமிர்ந்த சீட். பின்னால் யார் ஏறினாலும் அவர்கள் உயரத்துக்கு ஹெட்ரெஸ்ட்டை இழுத்துவிடுவது, அவர்களும் பெல்ட் போட்ட பிறகே கிளம்புவது.

இந்தத் தலைமுறை ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை செகண்ட் ஹேண்டில் தேடுகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன் வெளியே நின்று முன்கண்ணாடியின் மேல் நடுப்பகுதியைப் பாருங்கள். கேமராப் பெட்டி இருக்கிறதா? இருந்தால், கண்ணாடி எப்போதாவது மாற்றப்பட்டதா, மாற்றியபோது அளவுத்திருத்தம் செய்த ரசீது உண்டா என்று கேளுங்கள். பெட்டி இல்லாத வண்டி என்றால் நீங்கள் பேரம் பேசுவது 3 நட்சத்திர வடிவத்துக்கு. விலையை அதற்கேற்றபடி பேசுங்கள்.