"மைனஸ் 10 டிகிரி தாங்கும் கறிவேப்பிலை" வாங்கப் போகிறவர்களுக்கு

கோவைப் பக்கம் இருந்துகொண்டு, "பனியிலும் வளரும் ஹைப்ரிட் கறிவேப்பிலை" என்று வாட்ஸ்அப் குழுக்களில் விற்கிற ஒருவரிடம் 4,800 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். இங்கே பல வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்கா, கனடா என்று இருப்பதால் அவருக்கு வியாபாரம் படுஜோர். பெயரை எழுதவில்லை, எழுதினாலும் பயனில்லை, அவரே அடிக்கடி மாற்றிக்கொள்கிறார்.

என் அக்கா சிகாகோவில் இருக்கிறாள். நாங்கள் காரமடைப் பக்கம். தோட்டம் தோட்டமாகக் கறிவேப்பிலை விளைகிற ஊர், நாற்றுக்கா பஞ்சம்? ஆனால் சாதாரண நாற்று அந்தக் குளிருக்கு நிற்காதே என்றுதான், அம்மா அமெரிக்கா கிளம்புகிற சமயத்தில் இந்த ஆளைக் கூப்பிட்டோம். "அம்மிணி, நீங்க கவலையே படாதீங்க. ஐஸ் கொட்டுற ஊருக்கே அனுப்பிட்டு இருக்கறனுங்க. சர்டிபிகேட்டோட வருமுங்க" என்றார். பேச்சில் அவ்வளவு மரியாதை.

வந்த பெட்டியில் நம் ஊர் 'செங்காம்பு' ரகக் கறிவேப்பிலை நாற்றுகள், ஊதா நிறத்தில் எரியும் எல்இடி விளக்கு ஒன்று, "வேரைச் சூடாக வைக்கும் கலவை" என்று ஒரு பை, ஒட்டி மூடிய உறையில் சான்றிதழ். உறையை ஏர்போர்ட் அதிகாரிதான் பிரிக்க வேண்டும், நாம் பிரித்தால் செல்லாது என்று வேறு சொல்லியிருந்தார்.

சிகாகோவில் இறங்கியதும் செடி இருக்கிறது என்று அம்மா தானாகவே சொல்லிவிட்டார். அதனால் அபராதம் இல்லை. சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அபராதம் உண்டு. செடிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆரஞ்சு எல்லாம் ஒரே குடும்பம். ஆரஞ்சுத் தோட்டங்களை அழிக்கிற 'சிட்ரஸ் கிரீனிங்' நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். 2005-இல் அந்த நோய் புளோரிடாவில் தென்பட்டது. அதற்கப்புறம் அங்கே ஆரஞ்சு விளைச்சல் படுத்தேவிட்டது. அதனால் இந்தியாவிலிருந்து கறிவேப்பிலைச் செடிக்கு மட்டுமல்ல, பச்சை இலைக்கும் அமெரிக்காவில் தடை. எந்தச் சான்றிதழ் இருந்தாலும் விடமாட்டார்கள். வருஷக்கணக்காக அனுப்புவதாகச் சொல்கிற ஒருவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

சான்றிதழ் இன்னும் மோசம். உண்மையான தாவர நலச் சான்றிதழை, அரசு அதிகாரம் கொடுத்த அலுவலர், போகிற சரக்கைப் பரிசோதித்து அந்தச் சரக்குக்கென்றே தருவார். செடியின் தாவரவியல் பெயர், எண்ணிக்கை, அனுப்புகிறவர், பெறுகிறவர், போகிற நாடு எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு வந்தது யாருக்கோ கொடுத்ததன் ஜெராக்ஸ். போகிற நாடு என்ற இடத்தில் ஐக்கிய அரபு அமீரகம் என்று இருந்தது!

விளக்கை அக்கா வீட்டில் மாட்டிப் பார்த்தார்கள். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, அமெரிக்காவில் வருவது 120 வோல்ட். எரியவே இல்லை. சூடு தரும் கலவை வெறும் தென்னை நார்க் கழிவு. பொள்ளாச்சி ரோட்டில் போனால் மலை மாதிரிக் குவிந்து கிடக்குமே, அதே சரக்கு.

சரி, மைனஸ் 10 தாங்கும் ரகம் என்று ஒன்று இருக்கிறதா? நம் செங்காம்பும் தாங்காது, கர்நாடகத்தில் தார்வாடில் வெளியிட்ட 'சுவாசினி' ரகமும் தாங்காது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலே கறிவேப்பிலை வளர்ச்சியை நிறுத்தி இலையை உதிர்க்கத் தொடங்கும். உறைபனி பட்டால் இளஞ்செடி கருகிவிடும். சிகாகோவில் ஜனவரி இரவுகள் சர்வசாதாரணமாக மைனஸ் 8, சில வருஷம் மைனஸ் 20-க்கும் கீழே. அங்கே கறிவேப்பிலை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். இரவு வெப்பம் 10 டிகிரியை நெருங்குவதற்கு முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து, தெற்குப் பார்த்த ஜன்னலோரம் வைத்து, தண்ணீரைக் குறைத்து, உரத்தை நிறுத்திவிடுகிறார்கள். ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று காய்ந்திருப்பதால் செஞ்சிலந்தியும் செதில் பூச்சியும் சுலபமாக வரும், இலையின் அடிப்பக்கத்தை அடிக்கடி பார்க்க வேண்டும். இலை முழுக்க உதிர்ந்தாலும் குச்சி பச்சையாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், வெயில் காலத்தில் துளிர்த்துவிடும். நாற்றுப் பண்ணையில் நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிற அதே செடிக்கு வேண்டியது இவ்வளவுதான்.

திரும்பக் கூப்பிட்டால், "அமெரிக்காக்காரன் புடுங்கிட்டதுக்கு நான் என்னங்க பண்றது?" என்றார். விடாமல் கேட்டதால், ஈடாக 'ஹைப்ரிட் விதை' என்று ஒரு பாக்கெட்டைக் காரமடைக்கே கூரியரில் அனுப்பினார். மிளகு மாதிரி காய்ந்து சுருங்கிய விதைகள். கறிவேப்பிலைப் பழத்தைப் பறித்து, சதையைக் கழுவிவிட்டு, ஈரம் காய்வதற்குள் போட்டால்தான் நன்றாக முளைக்கும். சில வாரம் போனாலே அதன் முளைப்புத் திறன் போய்விடும். போட்டு வைத்தோம், ஒன்றுகூட வரவில்லை. பக்கத்தில் கிணற்றடி மரத்தைச் சுற்றிக் கேட்காமலே கன்றுகள் முளைத்து நிற்கின்றன. அப்புறம் எங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

அக்கா அங்கேயே ஒரு நர்சரியில் கன்று வாங்கிவிட்டாள். அந்த நாட்டுக்குள்ளேயும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு இந்தச் செடியை அனுப்பக் கட்டுப்பாடுகள் உண்டு, அதனால் தங்கள் மாநிலத்துக்கு அனுப்பலாமா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. அவர் பில் தரவில்லை. ஜிபே ரசீதும், அவர் அனுப்பிய குரல் பதிவுகளும், அந்த ஜெராக்ஸும் கையில் இருக்கின்றன.

போன வாரம் வேறு பெயரில், வேறு நம்பரில் அதே ஆளின் விளம்பரம் வந்தது. இப்போது மைனஸ் 15 டிகிரி தாங்கும் மல்லிகை விற்கிறார். முகவரி என்ற இடத்தில் 'கோவை' என்று மட்டும் இருக்கும், ஜிஎஸ்டி எண் இருக்காது, பேச்சு அதே 'அம்மிணி'தான். யாராவது அட்வான்ஸ் போட்டிருந்தால், அவர் பிளாக் செய்வதற்கு முன்பே வாட்ஸ்அப் உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு 1915-க்குக் கூப்பிடுங்கள்.