ஆறுகளின் பழைய தடங்களைக் காட்டும் ஆர்க்கானம் மேப்ஸ்

ஆர்க்கானம் மேப்ஸ் இணையதளத்தில், ஆஸ்திரியா, ஹங்கேரி உள்ளிட்ட பகுதிகளை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசின் மூன்று ராணுவ நில அளவைப் படங்களும் இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தித் தரப்பட்டுள்ளன. மேலே பொருத்திய பழைய படத்தை மங்கச் செய்யும் பட்டையை மெல்ல நகர்த்தினால், ஹங்கேரிச் சமவெளியில் வளைந்து நெளிந்தோடிய டிசா ஆறு, 1846இல் தொடங்கிய சீரமைப்புப் பணியில் வெட்டப்பட்ட நேர்வழிகளால் எவ்வளவு நீளம் குறைந்துவிட்டது என்பதும், கைவிடப்பட்ட வளைவுகள் தனித்த ஏரிகளாக எங்கே எஞ்சியுள்ளன என்பதும் தெளிவாகப் புலப்படுகின்றன. இந்த ஒரு வசதிக்காகவே தளத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

1763 முதல் 1787 வரை நடந்த முதல் அளவை, முக்கோண அளவீட்டின் (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து இடங்களைக் கணக்கிடும் முறை) துணையின்றி வரையப்பட்டதால், அதில் ஊர்களும் சாலைகளும் இன்றைய இடத்திலிருந்து விலகியே தெரியும். அது மூலப்படத்தின் இயல்பேயன்றித் தளத்தின் குறையன்று. துல்லியமாக ஒப்பிட விரும்புவோர், 1806இல் தொடங்கிய இரண்டாம் அளவையை எடுத்துக்கொள்வதே நல்லது. கையால் எழுதப்பட்ட ஊர்ப்பெயர்களைப் படிக்கப் பொறுமை வேண்டும்; அதற்குக் கைபேசியைவிடக் கணினித் திரையே ஏற்றது.