ஆகஸ்டில் ஆன்லைனில் பூச்செடி வாங்கி 286 டாலர் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

இன்று காலையில்தான் கடைசி ரோஜாவையும் பிடுங்கிப் பார்த்தேன். வேர் கறுத்துப் பிசுபிசுவென்று கையோடு வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கனடாவின் எட்மன்டனில் மே மாதக் கடைசி இது, தெருவில் எல்லார் வீட்டிலும் டியூலிப் நிற்கிறது, எங்கள் வாசலில் வெறும் மண்.

போன வருடம் அம்மா ஊரிலிருந்து எங்களோடு இருக்க வந்தார். சாமிக்கு வைக்க வாசலில் பறித்த பூ ஒன்றுகூட இல்லையே என்று தினமும் சொல்வார். ஆகஸ்டில் போனில் ஒரு விளம்பரம் வந்தது, செடிகளை மட்டும் விற்கும் ஆன்லைன் கடை. நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இங்கே மைனஸ் 30 போகும், தாங்குமா என்று சாட்டில் கேட்டேன். உடனே பதில் வந்தது. இங்கே குளிரைப் பொறுத்து ஊர்களை ஜோன் என்று எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள், எண் குறையக் குறையக் குளிர் அதிகம். என் அஞ்சல் குறியீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊர் ஜோன் 4, இவை ஜோன் 3 வரை தாங்கும், ரோஜா எல்லாம் சொந்த வேரில் வளர்ந்தவை, அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லுங்கள்" என்று எழுதினார்கள். அந்த வணக்கத்தில்தான் விழுந்தேன். மூன்று பியோனி (பெரிய பூ விடும் குளிர்நாட்டுச் செடி), நான்கு ரோஜா, நாற்பது டியூலிப் கிழங்கு. மொத்தம் 286 டாலர்.

செப்டம்பர் முதல் வாரம் வரும் என்றார்கள். வந்தது அக்டோபர் கடைசியில், மண் இறுக ஆரம்பித்த பிறகு. டியூலிப் கிழங்கு பாதி அமுங்கியது, பூஞ்சணம் வேறு. பியோனி வேரில் மூன்று முதல் ஐந்து முளைக்கண் இருக்க வேண்டும், வந்த மூன்றில் இரண்டு வேரில் ஒரு கண்கூட இல்லை. அன்றே படம் எடுத்து அனுப்பினேன். "செடி உறக்கத்தில் இருக்கிறது, பார்க்க அப்படித்தான் இருக்கும், நட்டுவிட்டு வசந்தம் வரை பொறுங்கள்" என்றார்கள். நம்பினேன். அம்மா டார்ச் பிடிக்க, கை விறைக்க விறைக்க ராத்திரி எட்டு மணிக்கு நட்டேன்.

ஏப்ரலில் கேட்டேன், மண் சூடாகட்டும் என்றார்கள். மே முதல் வாரம் கேட்டேன், பியோனி பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றார்கள். அது உண்மைதான், ஆனால் பூக்கத்தானே நாளாகும், முளைக்கவுமா? போன வாரம் பணத்தைக் கேட்டதும் உத்தரவாதம் 60 நாள்தான், டிசம்பரிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். டிசம்பரில் என் தோட்டம் பனிக்கு அடியில் இருந்தது, நான் எதைத் தோண்டிப் பார்த்திருக்க முடியும்? இதற்காகவேதான் வசந்தம் வரை பொறு, பொறு என்று இழுத்திருக்கிறார்கள். கடைசியில் அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி. அப்புறம் பதிலே இல்லை. கிரெடிட் கார்டு வங்கியிலும் முறையிடும் கெடு தாண்டிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். 286 டாலர்!

பக்கத்து வீட்டு உக்ரைன் பாட்டி செத்த ரோஜாவைக் கையில் வாங்கிப் பார்த்து, தண்டுக்கும் வேருக்கும் நடுவில் இருந்த முடிச்சைக் காட்டினார். அது வேறொரு ரோஜாவின் வேரில் ஒட்டுப்போட்ட ரோஜாவாம். சொந்த வேர் என்று சொன்னது அப்பட்டமான பொய். நாற்பது டியூலிப்பில் ஏழு வந்தது, அதுவும் இலை மட்டும்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. உத்தரவாதம் அடுத்த ஜூன் வரை இல்லையென்றால் இலையுதிர்காலத்தில் எதையும் வாங்காதீர்கள். கிழங்கை அழுத்திப் பார்த்து வாங்குகிற உள்ளூர் நர்சரிக்கே போங்கள். ரோஜா என்றால் மானிடோபாவின் மோர்டனில் உருவாக்கிய பார்க்லேண்ட் வகை, இல்லையென்றால் எக்ஸ்ப்ளோரர் வகை கேளுங்கள், இரண்டும் கனடாக் குளிருக்கென்றே உருவாக்கியவை. பியோனியை 5 சென்டிமீட்டருக்கு மேல் ஆழத்தில் புதைக்காதீர்கள். பெட்டி தாமதமாக வந்தாலோ அழுகி வந்தாலோ, அவர்கள் என்ன சமாதானம் சொன்னாலும் கேட்காமல் அன்றைக்கே கார்டு வங்கிக்குப் போன் செய்யுங்கள்.