வெள்ளி நானோ துகள்: போரோஹைட்ரைடா, பழத்தோல் சாறா?

வெள்ளி நைட்ரேட் கரைசலில் உள்ள வெள்ளி அயனிக்கு (மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு) ஓர் எலக்ட்ரான் கிடைத்தால் அது மின்னூட்டமற்ற வெள்ளி அணுவாகிவிடும். அணுக்கள் திரண்டால் நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள். எலக்ட்ரானைக் கொடுப்பது யார் என்பதில்தான் இரண்டு வழிகளும் பிரிகின்றன.

சோடியம் போரோஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் வேகமானது. குளிர்ந்த கரைசலில் சில நிமிடங்களிலேயே துகள் உருவானதைக் காட்டும் மஞ்சள் நிறம் தெரியும். துகள்கள் சிறியவை, அளவும் ஓரளவு சீர். ஆனால் அது நச்சுப்பொருள், ஈரம் பட்டால் ஹைட்ரஜனை வெளிவிடும்.

மாதுளை, ஆரஞ்சுத் தோலைத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்கள் இருக்கின்றன. அவையே எலக்ட்ரானைக் கொடுக்கும். அப்புறம் துகளின் மேல் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டாமலும் காக்கும். ஒரே சாறு இரண்டு வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். சிக்கல் என்னவென்றால், பழத்தின் ரகமும் பருவமும் மாறினால் சாறு மாறும், துகளின் அளவும் வடிவமும் மாறும். கார அமிலத் தன்மையையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தினாலும் இந்த வேறுபாடு முழுதாகப் போகாது.

இன்னொன்று: தோல் சாற்று வழியை 'பசுமை' முறை என்றாலும் வெள்ளி நைட்ரேட் இரண்டிலும் உண்டு. கழிவுநீரில் மிஞ்சும் வெள்ளி நீர்வாழ் உயிர்களைப் பாதிக்கும்.

அளவு துல்லியமாக வேண்டிய உணரிகளுக்குப் போரோஹைட்ரைடையே தேர்வேன். கிருமி எதிர்ப்புப் பூச்சு போன்றவற்றுக்குத் தோல் சாறு போதும்.