1,800 ரூபாய் பெட்டியும் முரண்டு பிடித்த பெடலும்

குன்னூரில் எங்கள் சபையின் பழைய எலக்ட்ரானிக் ஆர்கன் ஊமையாகி ஒரு வருடம் ஆகிறது. அதுமுதல் லேப்டாப்பில் ஆர்கன் சத்தம் தரும் கிராண்ட்ஆர்க் மென்பொருளை ஏற்றி, கீபோர்டு மாட்டி வாசிக்கிறேன். இலவசம், சத்தமும் அருமை. ஆனால் ஸ்வெல்லை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கதவை, திறக்க மௌஸைத் தேடினால் பாட்டு நின்றுவிடும். இரண்டு கையும் கட்டையில்தானே இருக்கிறது! அதைக் காலால் செய்ய எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்றும், பெடலின் அசைவை யூஎஸ்பி வழியாக மிடியாக (இசைக்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் எண் மொழி) மாற்றும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினேன். பெட்டி மட்டும் 1,800 ரூபாய்.

மாட்டியதும் கணினி அடையாளம் கண்டுகொண்டது. டிரைவர் எதுவும் கேட்கவில்லை. அதோடு சந்தோஷம் முடிந்தது. பெடலை முக்கால்வாசி தூரம் அசைத்தும் சத்தம் மாறவில்லை. குதிகால் பக்கம் வந்ததும் சடாரென்று அடங்கியது. கொயர் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வேறு.

பெடலுக்குள் இருப்பது ரேடியோ வால்யூம் திருகில் இருக்கும் அதே மாறும் ரெசிஸ்டர்தான். ஜாக்கில் முனை, வளையம், உடல் என்று மூன்று இணைப்புகள். கீபோர்டு கம்பெனிகளில் ரோலண்ட் முறையில் ரெசிஸ்டரின் நகரும் தொடுமுனை ஜாக்கின் முனைக்கு வரும், யமஹா முறையில் வளையத்துக்கு. என் பெட்டி முதல் முறைக்கானது, பெடல் இரண்டாவது. "எல்லா பெடலுக்கும் பொருந்தும்" என்று பெட்டியோடு வந்த தாளில் அச்சடித்திருந்தார்கள்!

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாயிடும் சார்" என்றார். முனையையும் வளையத்தையும் இடம் மாற்றி ஒரு சாண் கேபிள் செய்துகொடுத்தார். டீக்காசுதான் வாங்கினார்.

அப்புறம் இன்னொரு குறை தெரிந்தது. பெட்டி அனுப்புவது மிடி கன்ட்ரோலர் எண் 11, எக்ஸ்பிரஷனுக்கு என்று ஒதுக்கிய எண். மதிப்பு 0 முதல் 127 வரை போக வேண்டும். முழுதாக மிதித்தும் 119-ஐத் தாண்டவில்லை, அதனால் ஸ்வெல் கடைசிவரை திறக்காமல் பாட்டின் உச்சம் மொட்டையாக நின்றது. பெட்டியில் அளவு திருத்த வழியே இல்லை. நல்லவேளை, கிராண்ட்ஆர்க்கில் ஸ்வெல் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, மிடி அமைப்பில் கீழ் எல்லை 3, மேல் எல்லை 119 என்று போட்டேன். இப்போது மெல்லிய சத்தத்திலிருந்து முழு ஆர்கன் வரை வழுக்கிக்கொண்டு போகிறது.

மழைக்காலத்தில் பெடலைக் கல்தரையில் விடாதீர்கள். ஒரு வாரப் பனிமூட்டத்துக்கே என் பெடலின் எண்கள் 63, 64 என்று தானாகத் துடித்தன. கான்டாக்ட் கிளீனர் அடித்ததும் அடங்கிவிட்டது.

வாங்குவதானால் அடியில் போலாரிட்டி சுவிட்ச் (முனையையும் வளையத்தையும் இடம் மாற்றுவது) உள்ள பெடலாகப் பாருங்கள், கேபிள் வேலை மிச்சம். பெட்டிக்கு மூன்று ஸ்டார். நான்கு கொடுத்திருப்பேன், அந்தத் தாள் இல்லாமல் வந்திருந்தால்.