பிஎஸ்யூ டிசைனர் II: கணக்கு சரி, சோக் மட்டும் பொய் சொல்கிறது

வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு பவர் சப்ளை போடுகிறவர்கள் சாலிடரிங் அயர்னைச் சூடாக்கும் முன் ஓட்டிப் பார்க்க வேண்டியது டங்கன் ஆம்ப்ஸின் பிஎஸ்யூ டிசைனர் II. பவர் சப்ளை எப்படி நடந்துகொள்ளும் என்று கணினியிலேயே காட்டும் இலவச விண்டோஸ் மென்பொருள் இது. ஆனால் கொடுப்பதைத்தான் அது திருப்பித் தரும்.

முதல் தவறு டிரான்ஸ்பார்மரில் நடக்கிறது. அதன் மேல் 250 வோல்ட் என்று எழுதியிருக்கும். லோடு (மின்னோட்டம் எடுக்கும் சுற்று) இல்லாமல் அளந்தால் 270 வரும். உள்ளிட வேண்டியது 270தான். பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுருள், 230 வோல்ட்) 10 ஓம், செகண்டரி (வெளியீட்டுச் சுருள்) 60 ஓம் என்றால் சுற்று விகிதத்தின் (270/230) வர்க்கம் 1.38, ஆக மொத்த மின்தடை 60 + 10 × 1.38, அதாவது சுமார் 74 ஓம். இதை விட்டுவிட்டால் வெளியீடு கூடுதலாகத் தெரியும்.

பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டையோடுகள்), 47 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், 10 ஹென்றி சோக் (இரும்புக் கருவில் சுற்றிய கம்பிச் சுருள்), மீண்டும் 47, லோடு 100 மில்லிஆம்பியர் என்று வையுங்கள். கைக்கணக்கில் முதல் கெப்பாசிட்டரில் ரிப்பிள் (டிசியின் மேல் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) 21 வோல்ட். (டையோடு கடத்தும் நேரத்தையும் சேர்ப்பதால் மென்பொருள் இதைவிடக் குறைவாகக் காட்டும், அதுதான் சரி.) சோக்கும் அடுத்த கெப்பாசிட்டரும் அதை 185 மடங்கு குறைக்கும். லோடை ஒரேயடியாக ஏற்றினால் சுமார் 7 ஹெர்ட்ஸில் மின்னழுத்தம் ஊசலாடுவது திரையிலேயே தெரியும். கையால் கணக்கிடச் சலிக்கும் இந்த இடத்தில்தான் மென்பொருளின் அருமை. செகண்டரியின் ஆர்எம்எஸ் மின்னோட்டத்தையும் (சுருளைச் சூடாக்கும் அளவைக் காட்டும் மதிப்பு) பாருங்கள்: 100 மில்லிஆம்பியர் டிசி எடுத்தால் 160 மில்லிஆம்பியருக்குக் குறையாது. டிரான்ஸ்பார்மர் சூடாவது இதனால்தான்.

அடுத்த பதிப்பில் முதலில் வர வேண்டியது சோக்கின் செறிவுநிலை, அதாவது மின்னோட்டம் கூடும்போது இரும்புக் கரு நிரம்பி ஹென்றி மதிப்பு சரிவது. இப்போது எவ்வளவு மின்னோட்டம் போனாலும் 10 ஹென்றி 10 ஹென்றியாகவே நிற்கிறது. உண்மையில் சோக்குக்குரிய மின்னோட்ட அளவை மீறினால் அது 5 ஆகலாம். ரிப்பிள் இரட்டிப்பாகும், திரையில் ஒன்றும் மாறாது. அதுவரை பாதி மதிப்பைக் கொடுத்து இன்னொரு முறை ஓட்டுங்கள்.

இரண்டாவது, மெயின்ஸ் ஏற்ற இறக்கத்துக்கு ஒரு பொத்தான். 10 சதவீதம் கூடினால் 270 என்பது 297. வால்வு சூடாகும் வரை லோடு இல்லை, கெப்பாசிட்டரில் 420 வோல்ட் ஏறும். 400 வோல்ட் கெப்பாசிட்டர் வாங்கியவர் பாவம், 450 வேண்டும். லோடை பூஜ்யத்தில் தொடங்கி 297ஐக் கொடுத்தால் இன்றைய பதிப்பிலேயே இதைப் பார்த்துவிடலாம், ஆனால் யாருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வருகிறது? ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் சுற்று), பயாஸுக்கான (வால்வின் கிரிடுக்குத் தரும் நிலையான மின்னழுத்தம்) தனிக் கிளை எல்லாம் இவற்றுக்குப் பிறகு வந்தால் போதும்.